நிழற்கூரை போட ஆள் அமர்த்துவது எப்படி: இடம் பார்ப்பதிலிருந்து கடைசித் தவணை வரை

வீட்டை ஒட்டிய திறந்த தளத்துக்கு மேல் ஒரு கூரை போடுவது பார்வைக்குச் சின்ன வேலைதான். சில தூண்கள், இரண்டு உத்தரங்கள், மேலே தகடு. ஒரு வாரத்தில் முடித்துவிடலாம் என்று வருகிற எவரும் சொல்வார். முடித்தும் விடுவார். ஆனால் அது ஒழுங்காகப் போட்ட கூரையா என்பது முதல் பெருமழையிலும் முதல் சூறைக்காற்றிலும்தான் தெரியவரும். அதற்குள் பணம் கைமாறியிருக்கும்.

இந்தக் கூரைகள் கெட்டுப்போவது பெரும்பாலும் மூன்று இடங்களில்: வீட்டுச் சுவரோடு சேருமிடம், தூண் மண்ணில் ஊன்றி நிற்குமிடம், தண்ணீர் வடிந்து வெளியேறும் இடம். வேலை முடிந்தபின் இந்த மூன்றில் இரண்டு கண்ணுக்கே தெரியாது. கண்ணில் படுகிற வண்ணத்தையும் தகட்டின் பளபளப்பையும் எவர் வேண்டுமானாலும் கொடுப்பார். ஆகவே நல்ல ஆளைப் பிடிப்பது என்பது, கண்ணுக்குத் தெரியாத இடங்களைப் பற்றிக் கேள்வி கேட்டு, பதிலை வரைபடத்திலும் ஒப்பந்தத்திலும் எழுதி வாங்குவதுதான்.

முதலில்: யாரையும் கூப்பிடுவதற்கு முன்

கூரை எதற்கு என்று நீங்கள் முதலில் முடிவுசெய்யுங்கள். வெயிலுக்கா, மழைக்கா, இரண்டுக்குமா? சட்டங்களுக்கிடையே இடைவெளி விட்ட பந்தல் அமைப்பு வெயிலின் கடுமையைக் குறைக்கும், மழையை நிறுத்தாது. இது சொல்லித் தெரிய வேண்டியதில்லை என்று தோன்றும். ஆனால் படத்தில் அழகாக இருந்தது என்று அதைப் போட்டுவிட்டு, பிறகு அதன்மேல் தகடு வேய்பவர்கள் நிறையப் பேர். கிடைமட்டமாகப் போட்ட சட்டத்தின் மேல் தகடு வைத்தால் வாட்டம், அதாவது தண்ணீர் வடியும் சரிவு, இருக்காது; தண்ணீர் தேங்கும்.

அடுத்தது வெயிலின் திசை. உச்சி வெயிலைக் கூரை தடுக்கும். சாய்ந்த வெயிலைத் தடுக்காது. கணக்கைப் பாருங்கள். சூரியன் அடிவானத்திலிருந்து 30 டிகிரி உயரத்தில் நேர் எதிரே நிற்கிறது. கூரையின் வெளி விளிம்பு 2.5 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. வெயில் தரையில் 4.3 மீட்டர் உள்ளே வரும். அதாவது 4 மீட்டர் அகலக் கூரையின் கீழ்த் தரையில் ஒரு அங்குல நிழல்கூட விழாது. மேற்குப் பார்த்த தளமென்றால் பக்கவாட்டுத் திரையோ மடக்கும் தட்டியோ சேர்த்துத்தான் திட்டமிட வேண்டும். இதை நீங்கள் கேட்காமலே முதல் சந்திப்பில் எடுத்துச் சொல்கிறவர் விஷயம் தெரிந்தவர்.

வீட்டுக்குள்ளிருந்தும் ஒருமுறை பாருங்கள். கூரை வந்தால் எந்த அறை இருட்டாகும்? எந்த ஜன்னல் கதவு உத்தரத்தில் இடிக்கும்? தண்ணீர் சூடாக்கும் கருவியின் புகைக்குழாயோ சமையலறைக் காற்றுப்போக்கியோ அந்தப் பக்கம் திறந்தால், அதன் வாயைக் கூரைக்கு அடியில் அடைத்துவைக்கக் கூடாது. எரிவாயுக் கருவியின் புகையாக இருந்தால் அது உயிருக்கே ஆபத்து. குளிர்சாதனத்தின் வெளிப்பகுதி அங்கே இருந்தால் அது கக்கும் சூடு கூரைக்கடியில் சுழலும். உட்காரப்போகிற இடம் அடுப்படியாகிவிடும். மண்ணுக்குள் போகிற கழிவுநீர்க் குழாய், மின்கம்பி, எரிவாயு இணைப்பு ஆகியவற்றின் பாதையையும் ஒரு காகிதத்தில் குறித்துவையுங்கள். குழி தோண்டும் நாளில் தேடிக்கொண்டிருக்கக் கூடாது.

செலவுக்கு ஓர் உச்சவரம்பை மனத்தில் வைத்துக்கொண்டு, அதில் பத்தில் ஒரு பங்கைத் தனியே ஒதுக்குங்கள். மண்ணைத் தோண்டும் எந்த வேலையிலும் எதிர்பாராதது ஒன்று வரும்.

அனுமதி

உள்ளாட்சி அமைப்பின் அனுமதி தேவையா என்பது இடத்துக்கு இடம் மாறும். பரப்பு, உயரம், வீட்டோடு ஒட்டியதா தனித்து நிற்பதா, எல்லைக்கோட்டிலிருந்து எவ்வளவு தூரம் ஆகியவற்றைப் பொறுத்தே அது பெரும்பாலும் முடிவாகிறது. குடியிருப்போர் சங்கம் இருந்தால் அதன் ஒப்புதலும் வேண்டியிருக்கலாம். "இதற்கெல்லாம் அனுமதி தேவையில்லை" என்று ஒப்பந்ததாரர் வாயால் சொல்வதை நம்பாமல் அலுவலகத்தில் நேரில் கேட்டுவிடுங்கள். இடிக்கச் சொல்லி உத்தரவு வந்தால் அது வீட்டு உரிமையாளர் பெயருக்குத்தான் வரும். விண்ணப்பிப்பது யார், கட்டணம் யாருடையது என்பதை ஒப்பந்தத்தில் எழுதுங்கள். வீட்டுக்குக் காப்பீடு இருந்தால் புதிய கூரையைப் பற்றி அவர்களுக்கும் ஒரு வரி எழுதிப்போடுவது நல்லது.

யாரை அமர்த்துவது

மூன்று வழிகள் உண்டு. வடிவமைப்பு, கட்டுமானம் இரண்டையும் ஒரே நிறுவனத்திடம் கொடுப்பது ஒன்று. கட்டடக் கலைஞரோ பொறியாளரோ வரைந்து கொடுக்க, அதை வைத்து ஒப்பந்ததாரரைத் தேடுவது இரண்டு. வெல்டிங் பட்டறையிலோ தச்சரிடமோ நேரடியாகப் பேசுவது மூன்று.

திடமான சுவர், நல்ல மண், சாதாரண அளவு என்றால் முதல் வழி போதும். பொறுப்பு ஒரே இடத்தில் இருக்கும். மாடியில் தளத்தின் மேல் போடுவது, உள்ளீடற்ற கல்லால் கட்டிய சுவர், நடுவில் தூணே இல்லாத நீண்ட உத்தரம், புயலோ பனிப்பொழிவோ உள்ள பகுதி, இவற்றில் எது இருந்தாலும் கட்டமைப்புப் பொறியாளர் ஒருவர் கணக்குப் போட்டுக் கையெழுத்திட வேண்டும். அவருக்குப் பணம் கொடுப்பவர் நீங்களாக இருக்க வேண்டும், ஒப்பந்ததாரராக இருக்கக் கூடாது. மூன்றாவது வழி மலிவு. கைத்திறன் சிலரிடம் அபாரமாக இருக்கும். ஆனால் உத்தரத்தின் அளவைக் கைப்பழக்கத்தில் சொல்வார்கள். பழகிய அளவுக்குள் அது சரியாகவே வரும். நீளம் கூடும்போதுதான் சிக்கல். ஓர் உத்தரத்தின் நீளத்தை இரட்டிப்பாக்கி, அதே கனத்தில் மீட்டருக்கு அதே சுமையை ஏற்றினால் அதன் தொய்வு இரண்டு மடங்கல்ல, பதினாறு மடங்கு ஆகும். நடுவில் தூண் வேண்டாம் என்று நீங்கள் கேட்டவுடன் "ஆகட்டும்" என்பவரிடம் உத்தரத்தின் கனம் எவ்வளவு கூடும் என்று திருப்பிக் கேளுங்கள்.

உரிமம், தொழில் பதிவு, வேலையாட்களுக்கான விபத்துக் காப்பீடு, அடுத்தவர் உடைமைக்குச் சேதம் வந்தால் ஈடுசெய்யும் காப்பீடு ஆகியவற்றின் நகலைக் கேட்டு வாங்குங்கள். காப்பீட்டின் முடிவு நாளையும் பாருங்கள். தயங்காமல் கொடுப்பவரும் இருப்பார், கேட்டதற்குக் கோபிப்பவரும் இருப்பார். இரண்டாமவரை விட்டுவிடலாம்.

பழைய வேலையைப் போய்ப் பாருங்கள்

கைப்பேசியில் காட்டும் படங்கள் வேலை முடிந்த அன்று மாலை எடுத்தவை. உங்களுக்கு வேண்டியது குறைந்தது இரண்டு ஆண்டு வெயிலும் மழையும் பார்த்த கூரை. அப்படி ஒன்றின் முகவரி கேளுங்கள். முடிந்தால் மழை பெய்த மறுநாள் போங்கள்.

போனதும் மேலே பார்க்காதீர்கள், சுவரைப் பாருங்கள். கூரை சுவரைத் தொடும் கோட்டுக்குக் கீழே பழுப்புக் கறையோ, பூச்சு உப்பியிருப்பதோ தெரிந்தால் அந்த இணைப்பு ஒழுகுகிறது. பிறகு ஸ்குரூக்களுக்கு வாருங்கள். ஒவ்வொன்றின் தலைக்கடியிலும் ஒரு ரப்பர் வாஷர் இருக்கும். சரியாக முடுக்கியிருந்தால் அது உலோக வளையத்தின் விளிம்போடு விளிம்பாக லேசாக அழுந்தி நிற்கும். வெளியே பிதுங்கி வெடித்திருந்தால் அளவுக்கு மீறி முடுக்கியிருக்கிறார்கள். விரலால் சுழற்ற முடிந்தால் முடுக்கவே இல்லை. ஸ்குரூவிலிருந்து கீழ்நோக்கி வால் போலத் துருக் கோடு இறங்கினால் மட்டமான ஸ்குரூ. தூணின் அடியில் தகடும் போல்ட்டும் தண்ணீருக்குள் நிற்கிறதா, தரையிலிருந்து சற்று உயர்ந்து நிற்கிறதா என்று குனிந்து பாருங்கள். விளிம்பு வாய்க்காலில் தேங்கிய தண்ணீர்க் கறை ஒரே இடத்தில் இருந்தால் அங்கே தொய்வு.

அந்த வீட்டுக்காரரிடம் கேட்க ஒரே கேள்வி போதும்: குறை சொல்லிக் கூப்பிட்டபோது வந்தாரா?

வடிவமைப்புப் பேச்சு: இங்கேதான் நேரம் செலவிட வேண்டும்

சுவரிலிருந்து தொடங்குங்கள். கூரையின் உட்பக்கச் சுமையைத் தாங்கும் சட்டம் எதில் போல்ட் செய்யப்படும்? கான்கிரீட் உத்தரத்திலோ திடமான கட்டுமானச் சுவரிலோ, மரவீடென்றால் உள்ளே இருக்கும் கட்டமைப்பு மரத்திலோதான் பிடிக்க வேண்டும். பூச்சிலோ, அலங்கார உறையிலோ, வீட்டுக் கூரையின் விளிம்புப் பலகையிலோ பிடிக்கக் கூடாது. உள்ளீடற்ற கல்லுக்கான நங்கூர போல்ட் வகையே வேறு. சுவருக்கும் கூரைக்கும் இடையிலான கோட்டை எப்படி மூடப்போகிறார் என்பது அடுத்த கேள்வி. "சிலிக்கான் அடித்துவிடுவோம்" என்பது பதிலல்ல; சில ஆண்டுகளில் அது பிளந்துவிடும். சுவரில் காடி வெட்டி, உலோக மறைப்புத் தகட்டின் மேல் மடிப்பை அதற்குள் செருகி, கீழ் மடிப்பு கூரைத் தகட்டின் மேல் படியும்படி வைப்பதுதான் முறை. சிலிக்கான் அதற்குத் துணை மட்டுமே. சுவர் நம்பகமாக இல்லையென்றால் வீட்டைத் தொடாமல் தனித் தூண்களில் நிறுத்திவிடலாம். அப்போது கூரை பக்கவாட்டில் ஆடாமல் எது பிடிக்கிறது என்று கேளுங்கள். மூலைத் தாங்கலோ இறுக்கமான இணைப்போ வரைபடத்தில் தெரிய வேண்டும்.

தண்ணீர். ஒரு மில்லிமீட்டர் மழை ஒரு சதுர மீட்டரில் ஒரு லிட்டர். 4 மீட்டருக்கு 5 மீட்டர் கூரையில் 50 மில்லிமீட்டர் மழை பெய்தால் 1,000 லிட்டர் தண்ணீர் ஒரே விளிம்புக்கு வருகிறது. வீட்டுக் கூரையின் தண்ணீரும் இதன்மேல் விழுந்தால் அதையும் கூட்டிக்கொள்ளுங்கள். அது எந்தக் குழாய் வழியாக எங்கே போகும்? பக்கத்து மனைக்கும் போகக் கூடாது, வீட்டு அஸ்திவாரத்தின் ஓரத்திலும் இறங்கக் கூடாது.

வாட்டம் என்பது கூரைப் பொருளைப் பொறுத்தது. இதைக் கோட்டைவிட்டால் தலை இடிக்கும். நிஜமாகவே இடிக்கும். சில உலோகப் பலகைகளுக்கு மீட்டருக்கு 2 சென்டிமீட்டர் சரிவு போதும். பல அடுக்குப் பாலிகார்பனேட்டுக்கு (உள்ளே வெற்றிடம் விட்ட பிளாஸ்டிக் பலகை) 5 டிகிரி, அதாவது மீட்டருக்கு ஏறத்தாழ 9 சென்டிமீட்டர் வேண்டும். 4 மீட்டர் அகலத்தில் முன்னது 8 சென்டிமீட்டர் இறங்கும், பின்னது 35. சுவர்ப் பக்கம் 2.7 மீட்டரில் தொடங்கினால் வெளி விளிம்பு 2.35, அதன் கீழே 20 சென்டிமீட்டர் உத்தரம் வந்தால் மிச்சம் 2.15 மீட்டர். உயரமானவர் கையைத் தூக்கினால் தட்டும். இந்த எண்களைப் பக்கவாட்டு வெட்டுத்தோற்ற வரைபடத்தில் போட்டுத் தரச் சொல்லுங்கள். முப்பரிமாணப் படத்தைவிட அந்த ஒரு வரைபடம் மதிப்பு மிக்கது.

காற்று. சுமை என்றதும் கீழே அழுத்துவதைத்தான் எல்லோரும் நினைப்பார்கள். திறந்த பக்கங்கள் உள்ள கூரைக்குப் பெரிய எதிரி மேலே தூக்கும் விசை. காற்றில் குடை பிடித்தவருக்கு அது தெரியும். மணிக்கு 144 கிலோமீட்டர் வேகக் காற்றின் அழுத்தம் சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 100 கிலோ எடைக்குச் சமம். வேகம் இரட்டித்தால் அழுத்தம் நான்கு மடங்கு. கூரையின் வடிவமும் சுற்றுப்புறமும் இந்தக் கணக்கைக் கூட்டும், குறைக்கும். ஆனாலும் 20 சதுர மீட்டர் கூரைக்கு அது டன் கணக்கில் போகிறது என்பதை மனத்தில் வையுங்கள். 10 மில்லிமீட்டர் பல அடுக்குப் பாலிகார்பனேட் சதுர மீட்டருக்கு 2 கிலோகூட இராது. தன் எடையால் அது எதையும் பிடித்துவைக்காது. பிடித்துவைப்பது போல்ட்டும் அஸ்திவாரமும்தான். 40 சென்டிமீட்டர் சதுரத்தில் 60 சென்டிமீட்டர் ஆழக் கான்கிரீட் கட்டி ஏறத்தாழ 230 கிலோ. தரையில் ஏற்கனவே இருக்கும் மெல்லிய தளத்தில் நான்கு போல்ட் போட்டுத் தூணை நிறுத்திவிடலாம் என்பவரிடம் இந்தக் கணக்கைச் சொல்லிப் பாருங்கள். மண் உறையும் குளிர்ப் பகுதிகளில் அஸ்திவாரம் உறையும் ஆழத்துக்குக் கீழே போக வேண்டும். இல்லையென்றால் மண் தூணைத் தூக்கிவிடும். அங்கே வீட்டுக் கூரையிலிருந்து சரிந்து விழும் பனியின் சுமையும் உண்டு.

பொருள் விஷயத்தில் எல்லாருக்கும் ஒரே விடை கிடையாது. இரும்புச் சதுரக் குழாய் வலிமையானது, உள்ளிருந்து துருப்பிடிக்கும். துத்தநாகப் பூச்சுள்ள குழாயை வெல்டிங் செய்தால் அந்த இடத்தில் பூச்சு எரிந்துபோகும், அங்கே துத்தநாகப் பெயின்ட் திரும்ப அடித்தாக வேண்டும். குழாய்களின் வாய் மூடியிருக்க வேண்டும். அலுமினியம் துருப்பிடிக்காது, ஆனால் கடலோரத்தில் வேறு உலோகத்தோடு நேரடியாக உரசி நின்றால் அரிக்கும், இடையில் ரப்பர் தடுப்பு தேவை. ஈரக் கான்கிரீட்டும் அலுமினியத்துக்கு ஆகாது. மரத்தின் அடி கான்கிரீட்டில் புதையக் கூடாது. தூணின் அடியைத் தாங்கும் உலோகப் பிடிமானத்தில் தரையிலிருந்து சற்று உயர்ந்து நிற்க வேண்டும். உலோகத் தகட்டில் மழை பெய்தால் பேச்சுக் கேட்காது, வெயிலில் கீழே சூடு இறங்கும். இடையே காப்புப்பொருள் வைத்த பலகை இரண்டையும் குறைக்கும், விலை கூடும். உட்காரும் இடம் என்றால் என் ஓட்டு அந்தப் பலகைக்குத்தான்.

விளக்கும் மின்விசிறியும் வேண்டுமென்றால் இப்போதே சொல்லுங்கள். விசிறி தொங்க உத்தரத்தில் தனித் தாங்கல் வேண்டும். கம்பிக் குழாய் சட்டத்துக்குள் மறைந்து போக வேண்டும். பிறகு சேர்த்தால் கூரையில் ஓட்டை போடுவார்கள்.

விலைப்புள்ளியும் ஒப்பந்தமும்

ஒரே வரைபடத்தை மூன்று பேரிடம் கொடுத்து விலை கேளுங்கள். ஆளுக்கொரு வடிவத்துக்கு விலை வாங்கி ஒப்பிடுவதில் பொருளில்லை. மிகக் குறைந்த விலை வந்தால் எதை விட்டார் என்று தேடுங்கள். பெரும்பாலும் அது அஸ்திவாரம், பெயின்ட், கழிவு அகற்றல், வாய்க்கால் ஆகியவற்றில் ஒன்றாக இருக்கும்.

"நல்ல தரமான தகடு" என்று எழுதியிருந்தால் அது எழுதாததற்குச் சமம். தகட்டின் தடிமன் மில்லிமீட்டரில் வேண்டும். அந்த அளவு பூச்சோடு சேர்த்தா, பூச்சு நீங்கலாக உலோகத்துக்கு மட்டுமா என்பதும் வேண்டும். இந்த ஓர் இடத்தில்தான் சத்தமில்லாமல் ஏமாற்று நடக்கிறது. குழாயின் வெளி அளவோடு சுவர்த் தடிமன், தயாரிப்பாளர் பெயர், ஸ்குரூ வகை, அஸ்திவார அளவு, தொடக்க நாள், முடிவு நாள், தாமதமானால் என்ன, மாற்றம் வந்தால் எழுத்தில் விலை ஒத்துக்கொண்ட பிறகே வேலை என்ற நிபந்தனை ஆகியவை எல்லாம் இருக்கட்டும். உத்தரவாதம் இரண்டு வகை: பொருளுக்குத் தயாரிப்பாளர் தருவது, வேலைக்கு ஒப்பந்ததாரர் தருவது. ஒழுகல் இரண்டாவதில் வரும். அதற்கு எத்தனை ஆண்டு என்று தனியே எழுதச் சொல்லுங்கள்.

பணத்தைத் தேதிக்குத் தராமல் கட்டத்துக்குத் தாருங்கள். சிறு முன்பணம், பொருள் உங்கள் வாசலில் இறங்கியதும் ஒரு தவணை, அஸ்திவாரமும் சட்டமும் நின்றதும் ஒன்று, கூரை முடிந்ததும் ஒன்று. பத்து சதவீதமாவது முதல் நல்ல மழை வரைக்கும் உங்கள் கையில் இருக்கட்டும். பாதிப் பணத்தை முன்கூட்டியே கேட்பவரிடம் காரணம் கேளுங்கள். சிறப்பு அளவில் பலகை வரவழைப்பது போன்ற நியாயமான காரணம் இருந்தால் அந்தப் பொருளுக்கான ரசீதோடு கொடுக்கலாம். சில நாடுகளில் ஒப்பந்ததாரர் பொருள் கொடுத்தவருக்குப் பணம் தராவிட்டால் அந்தப் பொருள் கொடுத்தவர் உங்கள் வீட்டின் மேல் உரிமை கோர முடியும். அங்கே தவணைதோறும் பாக்கியில்லை என்ற சான்றும் வாங்க வேண்டும்.

வேலை நடக்கும் நாட்களில்

தினமும் பின்னாலேயே நின்று குடைய வேண்டியதில்லை. நான்கு தருணங்களில் மட்டும் இருந்தால் போதும், கையில் கேமராவோடு.

குழி தோண்டியபின், கான்கிரீட் ஊற்றும் முன். நீங்களே அளவு நாடாவைப் போட்டு ஆழம் பாருங்கள். அடிமண் தளர்வாகவோ தண்ணீர் தேங்கியோ இருந்தால் ஊற்ற விடாதீர்கள். கான்கிரீட்டின் வலிமை 28 நாள் கணக்கில் சொல்லப்படுவது. ஒரு வாரத்தில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு வந்திருக்கும். மறுநாளே கூரை ஏற்றுகிற அவசரக்காரரைத் தடுத்து நிறுத்துங்கள்.

சுவர்ச் சட்டம் போல்ட் ஆனபின், மறைப்புத் தகடு மூடும் முன். போல்ட்டுகளை எண்ணி வரைபடத்தோடு ஒப்பிடுங்கள், படம் எடுத்துவையுங்கள்.

தகடு ஏறும் நாள். பாலிகார்பனேட் வெப்பத்தில் நிறைய விரியும்: 4 மீட்டர்ப் பலகை 40 டிகிரி வெப்ப மாற்றத்தில் ஒரு சென்டிமீட்டர் நீளும். ஸ்குரூவைவிடத் துளை பெரிதாக இல்லாவிட்டால் பலகை முதலில் முனகும், பிறகு நெளியும், பிறகு துளையைச் சுற்றி வெடிக்கும். புற ஊதாக் காப்பு பெரும்பாலான பலகைகளில் ஒரு பக்கம் மட்டுமே உண்டு. எழுத்து அச்சிட்ட படலம் ஒட்டிய அந்தப் பக்கம் வானத்தைப் பார்க்க வேண்டும். தலைகீழாகப் போட்டால் சில ஆண்டுகளில் மஞ்சளாகும். பலகைக்குள் நீளவாக்கில் இருக்கும் உள்வரிகள் சரிவின் திசையில் ஓட வேண்டும், இரண்டு முனைகளும் அதற்குரிய பட்டையால் மூடியிருக்க வேண்டும். இல்லையென்றால் உள்ளே பாசி படரும். உலோகத் தகடானால் வெட்டுச் சக்கரம் சுழலும் அரைவை இயந்திரத்தால் வெட்டுகிறார்களா என்று பாருங்கள். பொறி பறந்து பூச்சு எரியும், கத்தரிதான் சரி. துளையிட்ட உலோகத் துருவலை அன்று மாலையே பெருக்கித் தள்ளச் சொல்லுங்கள். ஈரம் பட்டால் ஓரிரு நாளில் புதுக் கூரையெங்கும் துருப்புள்ளி வைத்துவிடும்.

கடைசியாகத் தண்ணீர்ச் சோதனை. குழாயால் கீழ் விளிம்பிலிருந்து தொடங்கி மெல்ல மேலே போக வேண்டும், ஒவ்வொரு பகுதிக்கும் பத்து நிமிடமாவது. மேலிருந்து தொடங்கினால் எங்கே ஒழுகுகிறது என்று கண்டுபிடிக்க முடியாது. சுவரோரத்துக்கு அதிக நேரம் கொடுங்கள்.

ஒப்படைப்பு

உத்தரவாதச் சீட்டுகள், அனுமதியின் இறுதிச் சான்று, கட்டியபடியே திருத்திய வரைபடம், பெயின்ட்டின் பெயரும் எண்ணும், மிஞ்சிய ஸ்குரூக்களும் வாஷர்களும் கைக்கு வந்தபின் குறைப் பட்டியலை எழுதி இருவரும் கையெழுத்திடுங்கள். வைத்திருக்கும் பத்து சதவீதத்தை மழை வரும்வரை அசைக்காதீர்கள். மழை வந்ததும் கூரைக்கடியில் நின்று சுவர்க் கோட்டை ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை பாருங்கள். ஈரம் தெரிந்தால் அப்போதே படமெடுத்து அனுப்புங்கள்.

அதன்பின் ஆண்டுக்கொருமுறை வாய்க்காலைச் சுத்தம் செய்து, போல்ட்டுகளைத் தட்டிப் பார்த்து, சிலிக்கான் பிளந்த இடத்தில் புதிதாக வைத்தால் போதும். பாலிகார்பனேட்டைக் கழுவ மிதமான சோப்புத் தண்ணீரும் மென்மையான துணியும் மட்டும். அமோனியா கலந்த கண்ணாடித் துடைப்புத் திரவமோ தின்னரோ பட்டால் பலகை மங்கி விரிசல் விடும், அதற்கு எந்த உத்தரவாதமும் செல்லாது.